சகம் 1266: முடி ஓரிடம், வலிமை வேறிடம்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பேராதனையைத் தாண்டிச் சென்றால் பிலிமத்தலாவை வரும். அங்கிருந்து தெற்கே பிரியும் பாதை உடுநுவரை வயல்களுக்கும் கமுகந் தோப்புகளுக்கும் நடுவே வளைந்து போகிறது. முதலில் வருவது கடலாதெனிய விகாரை. இன்னும் சில கிலோமீட்டர் போனால் பாறை முகட்டில் லங்காதிலக விகாரை. இரண்டும் கம்பளை அரசின் காலத்தவை. இரண்டின் கல்வெட்டுகளும் ஒரே ஆண்டைச் சொல்கின்றன. லங்காதிலகப் பாறையில் சக ஆண்டு 1266 என்று வெட்டியிருக்கிறது. கிறிஸ்து ஆண்டுக் கணக்கில் அது 1344.

தலைநகருக்கு அருகே ஒரே ஆண்டில் இரண்டு பெருங்கோயில்கள் எழுந்தன என்றால், அரசன் பலமாக இருந்தான், நாடு அமைதியாக இருந்தது என்றே நினைப்போம். அதே ஆண்டில் இலங்கைக்கு வந்த ஒரு பயணி எழுதி வைத்ததையும், பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கண்டிக்கு அருகே வெட்டப்பட்ட ஒரு கல்வெட்டையும் சேர்த்துப் படித்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. 1344இல் இலங்கையில் முடி ஓரிடத்திலும் வலிமை வேறிடத்திலும் இருந்தன. அந்த ஆண்டை விளங்கிக்கொள்ள இந்தப் பிளவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மலைநாட்டுக்குத் தலைநகர் வந்த கதையை முதலில் பார்ப்போம். அநுராதபுரமும் பொலன்னறுவையும் குளங்களை நம்பி வாழ்ந்த நகரங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்த வறண்ட சமவெளியின் நீர்ப்பாசன அமைப்பு சிதைந்தது. வடக்கே யாழ்ப்பாண அரசு வலுப்பெற்றது. சிங்கள மன்னர்கள் தம்பதெனியா, யாப்பகூவா, குருணாகல் என்று இடம் மாறிக்கொண்டே வந்தார்கள். 1280களில் பாண்டியர் படையோடு வந்த ஆரியச் சக்கரவர்த்தி என்ற தளபதி யாப்பகூவையிலிருந்து புத்தரின் புனித தந்தத்தையே எடுத்துச் சென்றார். மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டிய மன்னனிடம் நேரில் போய்க் கேட்டுத்தான் அதை மீட்டுவர முடிந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு மலையும் ஆறும் காவல் நிற்கும் இடத்தைத் தேடியதில் வியப்பில்லை. நான்காம் புவனேகபாகு மகாவலி கங்கைக் கரையில் உள்ள கம்பளையைத் தலைநகராக்கினார். 1344 அவருடைய ஆட்சியின் மூன்றாம் ஆண்டு.

அந்த ஆட்சி ஒருவர் கையில் மட்டும் இருக்கவில்லை. இதே காலத்தை ஒட்டி அவருடைய சகோதரர் ஐந்தாம் பராக்கிரமபாகு தெதிகமையிலிருந்து மன்னராக ஆளத் தொடங்கினார். ஒரே அரசுக்கு இரண்டு அரண்மனைகள். இருவருக்கும் மேலாகக் காரியம் நடத்தியவர் சேனாதிபதி சேனாலங்காதிகாரர்.

இனிக் கோயில்களுக்கு வருவோம். கடலாதெனிய விகாரையைக் கட்டுவித்தவர் சீலவம்ச தர்மகீர்த்தி தேரர். ஆந்திர தேசத்துத் தானியகடகத்தில், அதாவது இன்றைய அமராவதியில், சிதைந்த ஒரு புத்தர் மாளிகையைப் புதுப்பித்ததாகவும் அவருடைய கல்வெட்டு கூறுகிறது. கட்டடத்துக்குத் தலைமை தாங்கிய ஸ்தபதி கணேசுவராசாரி. பெயரைக் கேட்டவுடனே எந்த மண்ணின் மரபு என்பது புரிந்துவிடும்.

தட்டையான பெரும் பாறையின் மேல், கருங்கல்லில் எழுந்த கோயில் அது. உயர்ந்த அடித்தளம், வரிவரியாக ஓடும் அதன் கற்கள், முன்மண்டபத்தில் சதுரமும் எண்பட்டையும் மாறி மாறி வரும் தூண்கள், அவற்றில் ஆடுவோரின் உருவங்கள், கருவறைக்கு மேலே எண்பட்டைச் சிகரம். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சோழர் கோயிலையோ மதுரைப் பக்கத்துப் பாண்டியர் கோயிலையோ பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்ல வரும். உள்ளே அமர்ந்திருப்பவர் புத்தர். பக்கத்தில் ஒட்டியே விஷ்ணுவுக்கு ஒரு தேவாலயம். கட்டும் முறை தென்னகத்தது, வழிபாடு இலங்கை மலைநாட்டினது. ஒன்று மற்றொன்றை நெருக்காமல் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன.

லங்காதிலகம் இன்னும் பெரிய முயற்சி. பன்ஹல்கல என்னும் பாறையின் உச்சியில் கருங்கல் அடித்தளமிட்டு, மேலே செங்கல்லால் எழுப்பினார்கள். தொடக்கத்தில் நான்கு மாடிகள் இருந்தன. மேல்மாடிகள் பின்னாளில் இடிந்துபோயின. ஸ்தபதி இராயர் என்பவர் தலைமையில் வேலை நடந்தது. நடுவே புத்தர் இருக்க, சுற்றுச் சுவரின் மாடங்களில் உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தன் ஆகிய தெய்வங்களுக்கு இடம் கொடுத்தார்கள். கட்டுவித்தவர் சேனாதிபதி சேனாலங்காதிகாரர்.

அந்தப் பாறையில் ஒரே செய்தியை இரு மொழிகளில் வெட்டினார்கள், சிங்களத்திலும் தமிழிலும். விகாரைக்கு விடப்பட்ட நிலங்களும் அதன் பராமரிப்புக்கான ஏற்பாடுகளும் அதில் உள்ளன. நிலக்கொடைச் சாசனம் என்பது அழகுக்காக எழுதுவது அல்ல. நாளைக்கு ஒருவன் வழக்குப் பேசினால் எடுத்துக் காட்டுவதற்காக எழுதுவது. ஆகவே கம்பளை அரசின் உடுநுவரையில், தமிழில் எழுதினால்தான் தங்களுக்குப் பொருள்படும் என்ற நிலையில் ஒரு கூட்டம் இருந்திருக்க வேண்டும். சிற்பிகளாகவோ வணிகர்களாகவோ படைவீரர்களாகவோ அவர்கள் இருந்திருக்கலாம். அரசும் அவர்களைப் பொருட்படுத்தியது.

இரண்டு கோயில்களிலும் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. மன்னர் பெயர் வருகிறது, அவருடைய ஆட்சியாண்டு வருகிறது, அவர் கொடுத்த கொடையும் வருகிறது. ஆனால் ஆள் திரட்டி, பொருள் திரட்டி, ஸ்தபதியை வரவழைத்து வேலையை முடித்தவர்கள் ஒரு தேரரும் ஒரு சேனாதிபதியும். சோழர் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலை இராசராசன் தன் பெயராலேயே எழுப்பினான். கம்பளையில் அரசனுக்கு நிகரான கொடையாளி அவனுடைய படைத்தலைவன். கருவூலமும் படையும் யார் சொல்லுக்கு அசைந்தன என்பதை ஊகிக்க இது போதும்.

இப்போது கடற்கரைக்குப் போவோம். 1344 ஆகஸ்ட் கடைசியில் மாலைதீவிலிருந்து கப்பலேறிய மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பத்தூதா ஒன்பது நாள் கடலில் அலைந்து இலங்கையைக் கண்டார். புகைத்தூண் போல வானில் நின்ற சிவனொளிபாதமலைதான் முதலில் கண்ணில் பட்டது என்கிறார். கரையை நெருங்கியபோது கப்பல் தலைவன் இறங்க அஞ்சினான். இது அந்நாளைய யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியின் துறை, அவர் கடலில் கொள்ளையடிப்பவர் என்பது அவன் கவலை. தான் மதுரை சுல்தானின் உறவினன் என்று சொல்லி பத்தூதா புத்தளத்தில் இறங்கினார். அந்த அரசர் அவரை மரியாதையோடு வரவேற்றார், பாரசீக மொழியில் உரையாடினார், முத்துக்களைக் காட்டி வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பயணி கேட்டது ஒன்றே: மலையிலுள்ள திருவடியைக் காண வழி. உடனே பல்லக்கும், நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், உணவு சுமக்கப் பதினைந்து ஆட்களும் கிடைத்தார்கள்.

இந்தப் பகுதியில் அந்த யாழ்ப்பாண அரசரின் பலம் கண்முன் தெரிகிறது. புத்தளக் கரையில் ஆறுகள் அடித்து வந்து சேர்த்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்தன. சோழமண்டலக் கரையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வருவோர் அவற்றை எடுத்துக்கொண்டு அரசருக்குத் துணி முதலியவற்றைக் கொடுத்துச் சென்றார்கள். மதுரை சுல்தானின் துறையில் ஒருநாள் இந்த அரசருடைய சிறிதும் பெரிதுமான நூறு கப்பல்கள் வந்து நின்றதைத் தாமே கண்டதாகவும் பத்தூதா எழுதுகிறார். முத்து, கறுவா, கப்பல் மூன்றும் ஒரே கையில் இருந்தன. மலைநாட்டு மன்னரின் கறுவா கடலுக்குப் போக வேண்டுமானால் யார் துறைகளைத் தாண்ட வேண்டியிருந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

உள்நாட்டில் அவர் கண்டது இதற்கு நேர்மாறு. குனகார் என்று அவர் குறிப்பிடும் தலைநகரைக் கம்பளை என்பாரும், குருணாகல் என்பாரும், இரத்தினபுரி என்பாரும் உண்டு. எந்த நகரமாக இருந்தாலும் அங்கே அவர் எழுதி வைத்த செய்தி கனமானது. நாட்டின் பெரிய மன்னரை அவருடைய பிரதானிகளே எதிர்த்தெழுந்து, கண்களைப் பறித்து, மகனை அரியணையில் ஏற்றினார்கள். குருடாக்கப்பட்ட மன்னர் அதே ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தார். கொழும்பில் ஜாலஸ்தி என்ற தலைவர் ஐந்நூறு அபிசீனிய வீரர்களோடு ஆண்டுகொண்டிருந்தார். மேற்குக் கரையில் வடக்கே ஆரியச் சக்கரவர்த்தி, தெற்கே ஜாலஸ்தி, மலையில் பிரதானிகளுக்கு அஞ்சும் மன்னர்கள். கடலாதெனியவும் லங்காதிலகமும் எழுந்த ஆண்டின் நிலைமை இதுதான்.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் பழைய ஒழுங்கு கலைந்திருந்தது. மதுரையில் 1335 முதல் சுல்தான்கள் ஆண்டார்கள். ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் அவர்களோடு போரிட்டுக் கொல்லப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இலங்கையிலிருந்து மதுரை போன பத்தூதா அங்கே கொள்ளைநோய் பரவியதையும் சுல்தான் கியாசுத்தீன் இறந்ததையும் கண்டார். பாண்டியர் ஆதரவு இல்லாத நாட்டில் கோயில் வேலை குறைந்திருக்கும். அப்படிக் கைவேலை இழந்த சிற்பிகள் மலைநாட்டு விகாரைகளுக்கு வந்தார்கள் என்று கருதுவது பொருந்துகிறது. பாண்டியர் பிடி தளர்ந்ததும் யாழ்ப்பாண அரசு தன் விருப்பப்படி கப்பல் விடலாயிற்று. ஒரே வீழ்ச்சி மலைக்குச் சிற்பிகளையும் கடலுக்கு ஒரு தனியரசையும் கொடுத்தது.

இதன் விளைவு 1359ஐ ஒட்டி வெளிப்பட்டது. மூன்றாம் விக்கிரமபாகுவின் மூன்றாம் ஆண்டில் கண்டிக்கு அருகே மெதவலையில் வெட்டிய கல்வெட்டு, யாழ்ப்பாண அரசராகக் கருதப்படும் மார்த்தாண்டப் பெருமாள் என்பவர் மாத்தளை, தும்பறை முதலிய பகுதிகளில் வரி வாங்கப் பிராமணர்களை அமர்த்தியதைச் சொல்கிறது. யாழ்ப்பாண அரசின் கை கம்பளையின் வாசல்வரை வந்துவிட்டது. அந்தக் கையை விலக்கியவரும் மன்னர் இல்லை. அமைச்சர் நிஸ்ஸங்க அழகக்கோனார்தான் கோட்டையைக் கட்டி, வரிகேட்டு வந்தவர்களை அகற்றி, படை திரட்டினார். அவருடைய முன்னோரும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களே.

ஆகவே இந்த மோதலைத் தமிழர்மேல் சிங்களவர், சிங்களவர்மேல் தமிழர் என்று இரண்டு அணியாகப் பிரித்துச் சொல்வது 1344இன் கற்களுக்கு இழைக்கும் அநீதி. வரி கேட்டவர் தமிழரசர். மலையில் விகாரை எழுப்பிய ஸ்தபதிகள் தென்னகத்துக் கைவினைஞர்கள். அந்த வரியை எதிர்த்து நின்ற அமைச்சரின் குடும்பமும் தென்னிந்தியாவிலிருந்து வந்தது. போட்டி துறைமுக வருவாய்க்காகவும் வரிக்காகவும் நடந்தது. அதை நடத்தியவர்கள் அரியணைக்கு அருகே நின்ற பிரதானிகள்.

இந்த ஆண்டின் சாட்சிகள் சிங்களத்திலும் தமிழிலும் அரபியிலும் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் படிப்பவருக்கு ஒரு பக்தியுள்ள அரசோ, ஒரு கொள்ளைக்கார அரசோ மட்டும்தான் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கிறது லங்காதிலகப் பாறை. கண்டிப் பள்ளிகளில் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் படிக்கிறார்கள். இருவரையும் ஒன்றாக அங்கே அழைத்துப் போய், இரண்டு மொழிச் சாசனத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக் கற்பிக்க வேண்டும். அறுநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் இந்த மலைநாட்டு அரசு தன் கொடையை இரண்டு மொழியிலும் எழுதுவதே முறை என்று கருதியது. அந்த முறையை நம் பாடநூல்கள் கைக்கொள்வதற்கு இன்று எந்தத் தடையும் இல்லை.