காணும் என்று சொல்வது யார்?

சென்ற ஜூலையில் நாங்கள் மூன்று பேர் காசு கொடுத்து ஒரு மரக்கொட்டிலில் இரண்டு இரவு படுத்தோம். எங்களில் ஒருவரின் தாயாருக்கு ரெலிபோனில் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்ன மோனை, வேலை போட்டுதோ?" என்று கேட்டார்.

வேலை போகவில்லை. ஹம்மர்பெஸ்டில் நாங்கள் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, சமைக்கிற ரெஸ்ரோரன்டில் திருத்தவேலை நடந்ததால் மூன்று நாள் ஓய்வு கிடைத்தது. கூட வேலை செய்யும் நோர்வேப் பெண் ஒருத்தி சொன்னபடி விரைவுப்படகில் ஏறி அயலிலுள்ள சோரோயாத் தீவுக்குப் போனோம். கரையோரமாக நாலைந்து கொட்டில்கள். உள்ளே இரண்டடுக்குக் கட்டில்கள் இரண்டு, ஒரு மேசை, ஒரு சின்ன அடுப்பு. குழாய் இல்லை, வாளியில் தண்ணீர் அள்ளி வரவேண்டும். கக்கூசு வெளியே, கல்லும் புல்லுமான பாதையில் கொஞ்சத்தூரம் நடக்கவேண்டும். ஸ்கொட்லாந்தின் சின்னத் தீவுகளிலும் இப்போது இதே மாதிரியான மரக்கூடுகளை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வசதி குறைவு என்பதே அங்கே விற்பனைப் பொருள்.

எங்களில் மூத்தவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவது. அவர் கொட்டிலுக்குள் போகவில்லை. முதலில் கதவைப் பார்த்தார். வெளிப்பக்கம் ஆமைப்பூட்டுப் போடும் கொண்டி இருந்தது. "உள்ளாலை பூட்டலாமோ எண்டு பாருங்கோடா" என்றார். உள்ளே ஒரு மரத் தாழ்ப்பாள் இருந்தது. நாங்கள் அதைப் போட்டுக் காட்டினோம், திறந்து காட்டினோம். அப்படியும் அவர் முதல் இரவு வாசற்படியிலேயே போர்வையோடு இருந்துவிட்டார். ஹம்மர்பெஸ்ட் பக்கத்தில் மே நடுப்பகுதியிலிருந்து ஜூலைக் கடைசிவரை சூரியன் மறைவதில்லை. ஆகவே இரவு முழுவதும் வெளிச்சத்தில் அவருடைய முதுகு எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

அண்ணையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நாங்கள் யோசித்தது இதுதான். ஒரே பலகை, ஒரே வாளி, ஒரே வெளிக்கக்கூசு. ஓரிடத்தில் இதை இளைப்பாறல் என்கிறோம், இன்னோரிடத்தில் கொடுமை என்கிறோம். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் மெய்யியல் படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த எங்களுக்கு உடனே வந்த விடை, 'தெரிவு' என்பது. துறவி தானாக விடுகிறான், அகதியிடமிருந்து பறிக்கப்படுகிறது. பட்டினத்தார் துறப்பதற்கு முதலில் அவரிடம் செல்வம் இருக்கவேண்டியிருந்தது. நோர்வேயின் மெய்யியலாளர் ஆர்னே நெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 1938 அளவில், ஹல்லிங்ஸ்கார்வெட் மலையில் ஏறத்தாழ 1500 மீற்றர் உயரத்தில் தனக்கென ஒரு குடில் அமைத்தார். அடுத்த வருடம் 27 வயதில் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வாழ்நாளில் பல வருடங்களை அந்தக் குடிலில் மிகக் குறைந்த பொருள்களோடு கழித்தார். காந்தியைப் பற்றி எழுதினார். அவருடைய எளிமை பொய்யென்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கினால் அவருக்கு ஒரு நகரமும் ஒரு கதிரையும் இருந்தன. அவர் 2009 ஜனவரியில் 96 வயதில் காலமானபோது நாங்கள் வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்தோம். எங்களிடம் அவரைவிடக் குறைந்த பொருள்களே இருந்தன.

அதே வருடம் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாமுக்குக் கொண்டுபோகப்பட்டோம். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் முள்ளுக்கம்பிக்குள் இருந்த இடம். அங்கே முகாம்களுக்குத் தமிழ்ப் பெரியவர்களின் பெயர்களை வைத்திருந்தார்கள்: கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசாமி. கைவினைஞனின் எளிய வாழ்வைப் போற்றி 1908 இல் பெரியதொரு நூலை எழுதிய ஆனந்த குமாரசாமியின் பெயர், வாளித் தண்ணீருக்கு வெயிலில் வரிசை நின்ற தறப்பாள் கொட்டில்களுக்கு மேலே தொங்கியது. அந்த முகாம் கடைசியாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். அங்கே கொண்டி எப்போதும் வெளிப்பக்கம்தான். அண்ணை கதவைப் பார்த்ததற்குக் காரணம் அதுதான்.

ஆக, தெரிவுதான் விடை என்று நாங்கள் நிறுத்தியிருப்போம். அப்படி நிறுத்தவிடாமல் செய்தது நாங்கள் படுத்திருந்த அந்தத் தீவு.

1944 ஒக்ரோபர் கடைசியில், பின்வாங்கும் ஜேர்மன் படை ஃபின்மார்க்கை முழுதாக எரித்து மக்களை வெளியேற்ற வேண்டுமென்று ஹிட்லர் கட்டளையிட்டார். ஏறத்தாழ 50,000 பேர் தெற்கே துரத்தப்பட்டார்கள். ஹம்மர்பெஸ்டில் எரியாமல் மிஞ்சியது இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றுதான். அதை நாங்கள் பஸ்சில் போகும்போது கண்டிருக்கிறோம். போக மறுத்தவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் சோரோயாவின் குகைகளிலும் கல்லிடுக்குகளிலும், சூரியன் எழாத அந்தக் குளிர்காலத்தில், குழந்தைகளோடு ஒளிந்திருந்தார்கள். 1945 பெப்ரவரி 15 அன்று நேசநாடுகளின் நாசகாரிக் கப்பல்கள் வந்து அவர்களில் ஐந்நூறு பேரளவில் ஏற்றிக்கொண்டு போயின. மூர்மன்ஸ்க் வழியாகக் கப்பல்தொடரில் அவர்கள் போய் இறங்கியது ஸ்கொட்லாந்தில். வழியில் 'ஹென்றி பேக்கன்' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. அதிலிருந்த 19 நோர்வே அகதிகளும் உயிர்காக்கும் படகில் ஏற்றப்பட்டுத் தப்பினார்கள். கப்பற்தலைவரும் மாலுமிகள் பலரும் தப்பவில்லை.

குகைகளில் இருந்த அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகள் இன்று இதே தீவில் குழாயில்லாத கொட்டில்களில் விருப்பத்தோடு படுக்கிறார்கள். இது பணக்காரனின் விளையாட்டல்ல. எரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் எப்படித் திரும்பவும் கொட்டிலை நேசித்தார்கள்?

ஹம்மர்பெஸ்டில் 1998 இலிருந்து ஒரு மீள்கட்டுமான நூதனசாலை இருக்கிறது. குளிர்காலத்து ஓய்வுநாளொன்றில் சூடு தேடித்தான் அதற்குள் போனோம். போர் முடிந்ததும், வீடில்லாத இடத்துக்கு அனுமதியின்றித் திரும்பவேண்டாம் என்று அதிகாரிகள் தடுத்தார்கள். சனம் கேட்கவில்லை. வந்து, கவிழ்த்த படகுகளுக்குக் கீழேயும் புல்மண் குடில்களிலும் பலகைக் கொட்டகைகளிலும் குடியிருந்தார்கள். பிறகு அரசு கட்டுவித்த வீடுகள் சின்னவை, ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. இன்றும் ஃபின்மார்க்கில் அவற்றைக் காணலாம். 'இவ்வளவு காணும்' என்று ஓர் அளவு அங்கேயும் வைக்கப்பட்டது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அதே அளவுதான். கொட்டிலில் இருந்தவன் தானாகத் திரும்பி வந்து இருந்தான். அளவான வீட்டில் இருந்தவன் மற்றவர்களோடு சேர்ந்து இருந்தான். இரண்டிலும் அவனுக்கு அவமானம் இருக்கவில்லை.

இனி எங்கள் கதைக்கு வரவேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

சென்ற வசந்தகாலத்தில் எங்கள் ஊர்க்காரர் கொஞ்சப்பேர் ஒஸ்லோவில் கூடினார்கள். நாங்கள் இங்கிருந்து ரெலிபோனில் கலந்துகொண்டோம். ஊரில் கணவனை இழந்த பெண் ஒருவருக்கு வீடு கட்டிக்கொடுப்பது விடயம். 2010 இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடுகளைக் கொண்டது. அதில் ஒரு வீடு ஏறத்தாழ 550 சதுர அடி. இவருடைய பெயர் அந்தப் பட்டியலில் வரவில்லை. சேர்ந்த காசில் மூன்று அறையும் கட்டலாம், இரண்டு அறையோடு நிறுத்தி மிச்சத்தைக் கோயில் மதிலுக்கும் கொடுக்கலாம். அப்போது ஒருவர் சொன்னார்: "கொட்டிலுக்கை இருந்த சனத்துக்கு ரெண்டறை காணும்."

யாரும் மறுக்கவில்லை. நாங்களும் மறுக்கவில்லை. சோரோயாவில் அண்ணையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல் திரும்ப வந்தது. காணும்.

இந்தச் சொல்லை ஒருவர் தனக்குச் சொல்லும்போது அது பண்பு. ஆர்னே நெஸ் சொன்னது தனக்கு. இன்னொருவருக்குச் சொல்லும்போது அது பங்கீட்டுக்காரனின் சொல்லாகிவிடுகிறது. மெனிக் பாமில் எங்களுக்கு அரிசி அளந்தவன் சொன்னதும் அதே சொல்தான். எளிமையை மற்றவனுக்கு விதிக்க எவருக்காவது உரிமை உண்டென்றால், அதே அளவுகோலைத் தன் வீட்டிலும் வைக்கிறவனுக்கு மட்டும்தான் இருக்கமுடியும். எங்கள் கூட்டத்தில் பேசியவர்களில் எவருடைய வீட்டுக் கடனும் இரண்டு அறைக்கு எடுக்கப்பட்டதல்ல. எங்களுடைய வாடகை அறைகளும் தண்ணீர் இல்லாதவையல்ல.

நாங்கள் பட்ட துன்பம் எங்களுக்கு இந்த உரிமையைத் தந்துவிட்டது என்றும் ஒரு நினைப்பு உள்ளுக்குள் இருக்கிறது. 'நாங்களும் தறப்பாளுக்குள் இருந்தவர்கள்தானே' என்கிறோம். இருந்தோம். ஆனால் வெளியே வந்துவிட்டோம். இந்த நாட்டில் 1957 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, குடியிருப்புகளிலிருந்து 150 மீற்றர் தள்ளி யாருடைய தரிசு நிலத்திலும் இரண்டு நாட்கள் கூடாரம் போட எவரையும் அனுமதிக்கிறது. எங்களுடைய விசாவைக்கூட அது கேட்பதில்லை. இதற்குள் வாழ்ந்துகொண்டு, பழைய கொட்டிலைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, இன்னும் அங்கேயே இருக்கும் ஒருத்திக்கு அளவு சொல்வது நியாயமாகாது.

இரண்டாவது இரவு மழை பெய்தது. அண்ணை உள்ளே வந்து, தாழ்ப்பாளைத் தன் கையாலேயே போட்டுவிட்டுக் கீழ்க்கட்டிலில் படுத்தார். கொஞ்சநேரத்தில் குறட்டை கேட்டது.

ஹம்மர்பெஸ்டுக்குத் திரும்பிய அன்றே அந்தப் பெண்ணுக்கு ரெலிபோன் எடுத்தோம். எத்தனை அறை வேண்டுமென்று அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர் சொன்னார்: "மூண்டாவது அறை வேண்டாம் தம்பி. ரொயிலெற்றை வீட்டோடை சேத்துக் கட்டித் தாங்கோ. இரவிலை பொம்பிளைப் பிள்ளையளோடை வெளியாலை போகேலாது. கதவுக்கு உள்ளாலை ஒரு நல்ல தாழ்ப்பாள் போடுங்கோ."

சோரோயாவில் நாங்கள் நள்ளிரவுச் சூரியனைப் பார்த்துக்கொண்டு வெளிக்கக்கூசுக்கு நடந்துபோனதும், அதைப் படம் பிடித்ததும் நினைவுக்கு வந்தன. அவர் கேட்டதை அப்படியே எழுதி ஒஸ்லோவுக்கு அனுப்பியிருக்கிறோம். அடுத்த கூட்டம் செப்ரெம்பரில். மதிலைப் பற்றி அங்கே மறுபடி பேச்சு வரும். இந்த முறை நாங்கள் பேசாமல் இருக்கப்போவதில்லை.