நின்றுபோன படக்கதை

லண்டன் 'டெய்லி மிரர்' பத்திரிகையில் 1954-ல் துவங்கிய 'ரோமியோ பிரவுன்' படக்கதை 1962-ல் நின்றுவிட்டது. நின்றுபோனதெல்லாம் தோல்விதானா? 'எழுத்து' 1970-ல் நின்றதைப் பற்றியும் நம்மிடையே இதே கேள்விதான்.

ரோமியோவைப் பின்னாளில் எழுதிய பீட்டர் ஓ'டானலும் வரைந்த ஜிம் ஹோல்டவேயும் 1963-ல் 'மாடஸ்டி பிளைஸி'யைத் தொடங்கினார்கள். 1984-ல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழாக வந்தவள் அவள். விளாத்திகுளத்தில் ஒரு பழைய பேப்பர் கடைக் கட்டில் எனக்குக் கிடைத்தாள். ஆகவே ரோமியோ வீண்போகவில்லை என்று எழுதிப் பார்த்தேன்.

நெருடுகிறது. அசலை வட்டியைக் கொண்டு அளக்கும் வங்கிப் புத்தி இது. மாடஸ்டி பிறந்திராவிட்டால்? அன்றைய கட்டங்களைப் பார்த்துவிட்டு, பேப்பரை பஸ்ஸிலேயே போட்டுவிட்டு இறங்கியவனின் சிரிப்பு அதனால் பொய்யாகியிருக்குமா?