பிறர் நிலையில் நின்று பார்த்தல்

அமெரிக்க நீதிமன்றங்களில் ஒரு வியப்பான தடை உண்டு. பிறருடைய கவனக்குறைவால் காயமுற்றவர் நஷ்டஈடு கோரித் தொடுக்கும் வழக்குகள் விசாரணைக்கு வரும்போது, அங்கே பெரும்பாலும் ஜூரிகளே தீர்ப்பளிக்கின்றனர். சட்டம் பயிலாத ஆறு அல்லது பன்னிரண்டு குடிமக்கள் இரு தரப்பையும் கேட்டு, தவறு யாருடையது, ஈட்டுத்தொகை எவ்வளவு என்று முடிவு செய்கின்றனர். அவர்கள் முன்னிலையில் வாதியின் வழக்கறிஞர் படங்களைக் காட்டலாம், மருத்துவரைப் பேசவைக்கலாம், உருக்கமாகவும் பேசலாம். ஆனால், “இந்தக் கால் உங்களுடையதாக இருந்தால் எவ்வளவு கேட்பீர்கள்?” என்று மட்டும் ஜூரிகளைப் பார்த்துக் கேட்கக் கூடாது. கேட்டால் எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபிக்கும். பெரும்பாலான நீதிமன்றங்களில் நீதிபதி அந்த ஆட்சேபத்தை ஏற்பார். தன்னைப் போல் பிறரை நடத்துக என்னும் ‘பொன்விதி’யின் பெயராலேயே இவ்வகை வாதத்தைச் சட்ட வல்லுநர்கள் குறிப்பிடுகின்றனர்.

அறநூல்களில் பழகிய மனத்திற்கு இது அதிர்ச்சியாகவே இருக்கும். எல்லா உயிர்களின் இன்ப துன்பங்களையும் தன்னுடையவை போலவே காண்பவனைச் சிறந்த யோகியாகக் கீதையின் 6-ஆம் அத்தியாயம் கருதுகிறது. உலகின் அறநெறிகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் இதையே போதிக்கின்றன. சமயம் கட்டளையிடுவதை நீதிமன்றம் ஏன் தடுக்க வேண்டும்?

பலரும் கேலியாக மட்டுமே அறிந்துள்ள ஒரு வழக்கு இதற்கு விடை காண உதவுகிறது. 1992-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் 79 வயது மூதாட்டி ஒருவர், மெக்டொனால்ட்ஸ் உணவகத்தில் வாங்கிய காப்பியைத் தம் மடியில் கொட்டிக்கொண்டார். அப்போது கார் நின்றுகொண்டிருந்தது. அவர் அதை ஓட்டவும் இல்லை. தொடைகளிலும் இடுப்புப் பகுதியிலும் தோல் முழு ஆழத்திற்கு வெந்துபோயிற்று. எட்டு நாள் மருத்துவமனையில் இருந்து, தோல் ஒட்டும் சிகிச்சையும் செய்துகொண்டார். அவர் முதலில் கேட்டது ஏறத்தாழ 20,000 டாலர். நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர். 1994 ஆகஸ்டில் வழக்கு ஜூரிகள் முன் வந்தது.

காப்பி கொட்டியதற்கெல்லாம் ஒரு வழக்கா என்ற சலிப்புடனேயே வந்து அமர்ந்ததாக ஜூரிகள் சிலர் பின்னர் பத்திரிகையிடம் கூறினர். அவர்களது மனத்தை மாற்றியது எது? வாதியின் தரப்பு, தீக்காயங்களின் புகைப்படங்களைக் காட்டியது. அக்காப்பி 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு நிறுவனத்தின் விதிமுறைகளையே சான்றாக வைத்தது. அந்த வெப்பத்தில் உள்ள திரவம் சில விநாடிகளில் தோலை முழுதாக அழித்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். முந்தைய பத்தாண்டுகளில் காப்பியால் வெந்ததாக நிறுவனத்திற்கு 700-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன. விற்ற கோடிக்கணக்கான கோப்பைகளோடு ஒப்பிட்டால் அந்த எண்ணிக்கை அற்பமானது என்று எதிர்த்தரப்பு நிபுணர் சாட்சியம் அளித்தார். கணக்கின்படி அது பிழையன்று. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை நிறுவனம் போதிய அளவு கருதவில்லை என்று ஜூரி ஒருவருக்குத் தோன்றிற்று.

ஜூரிகள் அளித்த முடிவுதான் இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது. மூதாட்டிக்கு ஏற்பட்ட இழப்பை 2,00,000 டாலர் என்று மதிப்பிட்ட அவர்கள், காப்பியைக் கொட்டியதில் அவருக்கும் 20 விழுக்காடு பொறுப்பு உண்டு என்று கூறி, அதை 1,60,000 ஆகக் குறைத்தனர். அதற்கு மேல் நிறுவனத்திற்குத் தண்டனையாக 27 லட்சம் டாலர் விதித்தனர். அது அந்நிறுவனத்தின் இரண்டு நாள் காப்பி விற்பனைக்கு ஏறத்தாழ ஈடானது. நீதிபதி தண்டனைத் தொகையை 4,80,000 ஆகக் குறைத்தார். பிறகு இரு தரப்பும் வெளியிடப்படாத ஒரு தொகைக்குச் சமரசம் செய்துகொண்டன. புகைப்படத்தையோ புகார்க் கட்டையோ காணாத வெளியுலகம், தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டுப் பல ஆண்டுகள் சிரித்தது. அந்தச் சிரிப்பும் ஒரு தீர்ப்புத்தான். சான்று கேளாமல் வழங்கப்பட்ட தீர்ப்பு.

அந்த 20 விழுக்காட்டைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ‘வெந்தது என் தோல்’ என்று ஜூரி நினைத்திருந்தால், ‘என் தவறும் இதில் உண்டு’ என்று ஐந்தில் ஒரு பங்கைத் தானே முன்வந்து கழித்திருப்பாரா? நம்மில் யாரும் நமக்கு நாமே அவ்வளவு நேர்மையாகக் கணக்குப் பார்ப்பதில்லை. ‘உங்கள் காலாக இருந்தால்’ என்ற கேள்வி, கேட்பவரிடம் கருணையைத் தூண்டுவதில்லை. அவரது சுயநலத்தையும் அச்சத்தையும் தூண்டுகிறது. நடுவராக அமர்ந்திருந்தவர் அந்தக் கணத்தில் ஒரு கட்சிக்காரராகிவிடுகிறார். கீதை கூறுவது இதற்கு நேர்மாறானது. அங்கே ‘நான்’ என்பதன் இறுக்கம் தளர்ந்து பிறர் துன்பம் தெரியவருகிறது. இங்கேயோ பிறர் துன்பத்தின் மீது ‘நான்’ ஏறி அமர்கிறது. சொற்கள் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா. மேலும், கீதையின் பார்வை எல்லா உயிர்களையும் தழுவுவது. வாதியின் நிலையில் மட்டும் நின்று பார், பிரதிவாதியின் நிலையில் நிற்காதே என்று அது யாருக்கும் சொல்லவில்லை.

அப்படியானால் மனத்தைத் தொடும்படி சான்றுகளை வைப்பதே குற்றமா? உணர்ச்சி கலவாத பட்டியல்தான் உண்மை என்று கருதுவோர் உண்டு. அது மிகையான தூய்மைவாதம். தீக்காயத்தின் ஆழத்தை மருத்துவச் சொற்களில் மட்டும் சொன்னால், கேட்பவர் உண்மையைக் குறைவாகவே அறிவார். அந்தப் புகைப்படம் உண்மையோடு எதையும் சேர்க்கவில்லை. மறைந்திருந்ததைத் தெரியவைத்தது, அவ்வளவே.

கௌதமரின் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய நிகழ்வது வாதம். வெற்றிக்காக நிகழ்வது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் நிறுவாமல் பிறர் கொள்கையைத் தகர்ப்பது மட்டும் விதண்டை. வழக்கறிஞர் ஊதியம் பெற்றுச் செய்வது ஜல்பமே. அதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் நியாய சூத்திரம் பின்னிரண்டையும் முற்றிலும் தள்ளிவிடவில்லை. முளைகளைக் காக்க முள்வேலி இடுவதுபோல், உண்மையைக் காக்க அவையும் பயன்படும் என்கிறது. ஜூரி விசாரணையில் இரண்டு ஜல்பங்கள் எதிரெதிரே நிற்கின்றன; வாதம் நடைபெறும் இடம் ஜூரிகளின் ஆலோசனை அறை ஒன்றுதான். வேலி வளர்ந்து பயிரையே மூடிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அதனால்தான் 1975-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மத்திய அரசின் சான்று விதிகளில் 403-ஆம் விதி, ஒரு சான்று உண்மையை விளக்குவதைக் காட்டிலும் முறையற்ற சார்பை மிக அதிகமாக விளைவிக்குமானால் அதை விலக்க நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது.

இக்காலத்தில் படுகாயமுற்றவரின் ஒரு நாள் வாழ்க்கையைப் படமாக்கி ஜூரிகளுக்குக் காட்டுவது அங்கே வழக்கமாகியுள்ளது. எழுவது, உடை மாற்றுவது, பிறர் ஊட்ட உண்பது ஆகியவை அதில் இடம்பெறும். கேமராவுக்காக மிகைப்படுத்திய முனகல் இருந்தாலோ, சோக இசை சேர்த்திருந்தாலோ, எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டி விலக்கக் கோரும். படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். திறமையும் நேர்மையும் ஒருங்கே உள்ள வழக்கறிஞர் அந்தப் பதினைந்து நிமிடத்தையும் ஒலி சேர்க்காமல், வெட்டாமல் ஓடவிட்டு, தாம் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருப்பார்.