டாக்டரிடம் மறைக்காதே, உடைத்துச் சொல்!

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?"

டாக்டர் கேட்ட இந்தக் கேள்விக்கா தலை குனிகிறாய்?

சாமல்பட்டிக்காரனே, உன்னைத்தான் கேட்கிறேன்! சட்டைப் பையில் தீப்பெட்டி. மூச்சில் நெடி. வாயில் மட்டும் "இல்ல சார்."

யாரை ஏமாற்றுகிறாய்? அவர் என்ன போலீஸா? உன் மாமனாரா?

உன் பதிலை வைத்துத்தான் அவர் வைத்தியத்தையே தீர்மானிக்க வேண்டும். இரண்டு வாரமாக இருமலா? புகைப்பவன் என்றால் காசநோய்ச் சந்தேகம் அவருக்கு இன்னும் வலுக்கும். ஆபரேஷனா? புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உன் ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிய வேண்டாமா? தையல் போட்ட புண்ணும் லேசில் ஆறாது. சில மருந்துகளின் அளவே மாறும்!

கிரானைட் அறுக்கிறாயா? கல்தூசி ஏற்கெனவே உன் நுரையீரலைத் தின்கிறது. அதன்மேல் புகையுமா?

1950-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் லண்டன் மருத்துவமனை நோயாளிகளிடம் இதே கேள்வியைக் கேட்க வைத்தார்கள். நுரையீரல் புற்றுநோயின் வேர் அந்தப் பதில்களில்தான் பிடிபட்டது. டாலே சிகரெட் பிடித்தவர்தான். ஆய்வு முடியும் முன்பே விட்டெறிந்தார்!

லண்டன் தூரம் என்கிறாயா? சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் வா.

அங்கே டாக்டர் கஜலட்சுமியும் அவர் குழுவினரும் 43,000 ஆண்களின் மரணத்தை ஆராய்ந்தார்கள். 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. சென்னையில் புகைத்தவர்கள் காசநோயால் இறந்த விகிதம், புகைக்காதவர்களைப் போல் நான்கு மடங்குக்கும் மேல்!

"பிடிப்பாரா?" என்ற கேள்விக்கு அங்கே பதில் சொன்னது யார் தெரியுமா? செத்தவனின் வீட்டார்!

உன் மனைவி சொல்ல வேண்டுமா அந்தப் பதிலை? உன் மகன் சொல்ல வேண்டுமா? உயிரோடு இருக்கும்போதே நீ சொல்!

"டென்ஷன் சார், நைட் ஷிஃப்ட்" என்கிறாய். ஓசூர் சிப்காட்டில் உன் பக்கத்து மெஷினில் நிற்பவனுக்கும் அதே ஷிஃப்ட்தானே? நிகோடின் இறங்க இறங்க உடம்பு அடுத்த பீடிக்குத் தவிக்கிறது. அந்தத் தவிப்பும் சேர்ந்ததுதான் உன் டென்ஷன்! பற்ற வைத்ததும் தணிகிறதே, அதைப் போய் நிம்மதி என்று நம்புகிறாய்.

"விட்டுப் பார்த்தேன், முடியல."

எத்தனை நாள் தாங்கினாய்? முதல் சில நாள்தான் கொடுமை. சில வாரங்களில் அந்த வேகம் அடங்கும். அதைத் தாண்டுவதற்குள் தோற்றாய், அவ்வளவுதான். மறுபடி இறங்கு! தனியாக முட்டி மோதாதே. நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. டாக்டரைக் கேள்!

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது எங்கே? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்! பி.பி., சுகர் பார்க்க உன் வாசலுக்கே வருகிறார்கள். அவர்களிடமுமா மறைப்பாய்? ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷமாக, எல்லாவற்றையும் சொல்!

நிறுத்திய 20 நிமிடத்தில் இதயத்துடிப்பு தணியத் தொடங்குகிறது. ஓராண்டு தாண்டினால், புகைப்பவனுக்குள்ள மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய பாதிதான் உனக்கு. உன் உடம்பு உன்னை மன்னிக்கத் தயார். நீ தயாரா?

1800-11-2356. புகையிலையை விட நினைப்பவர்களுக்கான தேசிய உதவி எண். கட்டணம் இல்லை. போனை எடு!