கட்டற்ற பறப்புக்கு ஒரு கட்டளைக்கல்

ஒருவனை அரங்கில் ஏற்றி, "உன் மனம்போல் ஆடுக" என்று பணித்தபின், அவனது ஆட்டத்துக்குப் புள்ளியிட்டு, மற்றொருவனின் ஆட்டத்திலும் அது தாழ்ந்தது என்று தீர்ப்பளிப்பது நீதியாகுமா? மனம்போல் ஆடுக என்பது உரிமை வழங்கும் சொல். தாழ்ந்தது என்பது அளவுகோல் ஒன்றை முன்வைக்கும் சொல். இவ்விரு சொற்களும் ஒரே வாயிலிருந்து பிறக்கும்போது முரண்பாடு தோன்றுதல் இயல்பு. கலைப்போட்டி நடக்கும் இடமெங்கும் இம்முரண்பாடு உண்டு. எனினும், பழமை வாய்ந்த கலைகளில் மரபு என்னும் திரை அதனை மறைத்து நிற்கின்றது. நம் காலத்திலேயே தோன்றி, நம் காலத்திலேயே விதிகளையும் பெற்றுக்கொண்ட ஒரு துறையை எடுத்து நோக்கினால் அது தெளிவாகப் புலப்படும். நிலத்தில் நின்றவாறு வானலைக் கருவியினால் இயக்கப்படும் மாதிரி உலங்கு வானூர்திகளின் கட்டற்ற பறப்புப் போட்டி அத்தகையதொரு துறையாகும்.

இத்துறையின் வரலாறு குறுகியது. 1960களின் பிற்பகுதியில் ஜேர்மனியரான டீற்றர் ஷ்லூற்றர் முதலானோரின் முயற்சியினால் மாதிரி உலங்கு வானூர்தி மனிதனின் கட்டுக்குள் அடங்கிப் பறக்கத் தொடங்கியது. அந்நாளில் அதனை ஓரிடத்தில் அசையாது மிதக்கவிடுவதே பெருந்திறனாகக் கருதப்பட்டது. பின்னர், சுழலும் தகடுகளின் கோணத்தை நேராகவும் எதிராகவும் மாற்றவல்ல பொறியமைப்பும், நிலைபேற்றைக் காக்கும் இலத்திரனியற் கருவிகளும், வலுமிக்க மின்கலங்களும் வந்து சேர்ந்தன. தகட்டின் கோணம் எதிராகும்போது அது பிறப்பிக்கும் விசையும் எதிராகின்றது. ஆகவே இவ்வூர்தி தலைகீழாக மிதக்கும். வால் முன்னாகவும் விரையும். கடிகாரத்தின் ஊசல்போல ஓரிடத்திலேயே அங்குமிங்கும் ஆடும். மனிதரை ஏற்றிச் செல்லும் உலங்கு வானூர்தி எதுவும் இவ்வாறு தலைகீழாக நிலைத்து மிதக்க வல்லதன்று. மாதிரியாகப் பிறந்த பொருள் தன் மூலத்தைக் கடந்து சென்றமை இங்கு கருதத்தக்கது. இவ்வகைப் பறப்பை வளர்த்தெடுத்தவர்களுள் அமெரிக்கரான கேற்றிஸ் யங்பிளட் குறிப்பிடத்தக்கவர்.

1905ஆம் ஆண்டு தோன்றிய சர்வதேச வான்விளையாட்டுச் சம்மேளனம் இத்துறையின் போட்டிகளை வகைப்படுத்தியுள்ளது. அவற்றுள் எஃப்3சி என்னும் வகையில், முன்னரே வகுக்கப்பட்ட அசைவுகளை வகுத்தவாறே செய்து காட்டல் வேண்டும். வட்டம் வட்டமாக இருந்ததா, தொடங்கிய உயரத்திலேயே முடிந்ததா என்று நடுவர் நோக்குவர். எஃப்3என் என்பது கட்டற்ற பறப்புக்கு உரிய வகை. அதன் ஒரு பகுதியில் பட்டியலிடப்பட்ட அசைவுகளிலிருந்து பறப்பாளர் தமக்கு வேண்டியவற்றைத் தெரிந்து கொள்கின்றார். ஒவ்வோர் அசைவுக்கும் அதன் கடினத்துக்கேற்ற பெருக்கெண் உண்டு. ஏனைய பகுதிகளில் அவர் தம் விருப்பப்படியும், இசைக்கு இயையவும் பறக்கலாம். ஆயினும் அவ்விருப்பப் பறப்பும் கடினம், படைப்புத்திறன், துல்லியம், இசைவு என்றாற்போன்ற தலைப்புகளின்கீழ் புள்ளியிடப்படுகின்றது. நமது வினா இங்கேதான் எழுகின்றது.

நியமப்படுத்தலை மறுப்போரின் வாதத்தை முதலில் நோக்குவோம். கட்டற்ற பறப்பின் உயிர் புதுமையில் உள்ளது. புதியதோர் அசைவு, அதற்குப் பெயர் வரும்முன்னரே பிறந்துவிடுகின்றது. இவ்வூர்திகளின் அசைவுகளுள் கேயோஸ், அதாவது ஒழுங்கின்மை, என்னும் பெயருடைய ஒன்று உண்டு. ஊர்தி தன் அச்சிற் சுழன்றுகொண்டே குட்டிக்கரணமிட, அக்கரணத்தின் திசையும் இடைவிடாது மாறிக்கொண்டிருக்கும். முதலிற் கண்டோர்க்கு அது குழப்பமாகத் தோன்றியதனாற் போலும் அப்பெயர் வாய்த்தது. இன்று அது எத்தனை சுழற்சியில் எத்திசையில் முடியவேண்டும் என்று வரையறுத்துவிடலாம். ஒழுங்கின்மைக்கும் ஒழுங்குவிதி வந்துவிட்டது. வரையறுத்தபின் அதனைப் பயில்வோர் பெருகுவர். வரையறைக்குள் வராததைத் தேடுவோர் குறைவர். புள்ளி கிடைக்கும் வழியிலேயே கால் செல்லும் என்பது மனித இயல்பு.

இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் ருமேனிய வீராங்கனை நாடியா கொமனேச்சி முழுப் புள்ளியாகிய பத்தைப் பெற்றபோது, அவ்வெண்ணைக் காட்ட வழியின்றிப் புள்ளிப்பலகை 1.00 என்று காட்டியது. பின்னர் 2006ஆம் ஆண்டு அவ்விளையாட்டின் சம்மேளனம் பத்து என்னும் உச்சவரம்பை நீக்கி, கடினத்துக்கு ஒரு புள்ளியும் செய்த முறைக்கு ஒரு புள்ளியும் எனப் பிரித்தது. கடினப்புள்ளிக்கு எல்லையில்லாமையால், அழகைக் காட்டிலும் கடினமே பெரிதாகிவிட்டது என்ற குறை அன்று தொட்டுக் கூறப்பட்டு வருகின்றது. எண்ணத்தக்கதை எண்ணப் புகுந்தோர், எண்ணத்தகாததை மறந்துவிடுதல் எளிது.

இனி, நியமம் வேண்டும் என்போரின் வாதத்தை நோக்குவோம். எழுதிய விதி இல்லாத இடத்தில் விதியே இல்லை என்று கொள்வது தவறு. அங்கு எழுதாத விதி ஆட்சி செய்கின்றது. நடுவர்கள் யாருடைய பறப்பைக் கண்டு பழகினர், எவ்வகை அசைவை மெச்சுவர், எவர் பெயரைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவர் என்பனவெல்லாம் அவ்வெழுதாத விதியின் உறுப்புகளாம். அவ்விதியை அவ்வட்டத்துக்குள் வாழ்வோர் மாத்திரமே அறிவர். தொலைவிலுள்ள சிறிய நாடொன்றிலிருந்து, தன் சேமிப்பைச் செலவிட்டு வரும் இளைஞன் அதனை எங்ஙனம் அறிவான்? அவன் தோற்றால், ஏன் தோற்றான் என்பதும் அவனுக்குத் தெரியப்போவதில்லை. எழுதிய விதி அவனது சிறகைக் கட்டுகின்றது என்பது மெய்யாயினும், அவன் பற்றிக்கொள்ளத்தக்க ஒரே கைப்பிடியும் அதுவே.

2002ஆம் ஆண்டு சோல்ற் லேக் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கை இங்கு நினைவுகூரலாம். பனிச்சறுக்கு நடனத்தின் இணையர் போட்டியில் ருசிய இணையர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. பிரெஞ்சு நடுவர் நெருக்குதலுக்கு உட்பட்டு வாக்களித்தார் என்ற குற்றச்சாட்டு எழவே, கனடிய இணையருக்கும் தங்கப்பதக்கம் வழங்க நேர்ந்தது. ஆறு புள்ளியை உச்சமாகக் கொண்ட பழைய முறை 2004ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. பழைய முறையில் நடுவர் தந்தது ஓரிரு எண்களே. அவ்வெண்களுக்குப் பின்னால் இருந்தது இரசனையா, பேரமா என்று பிரித்தறிய வழியிருக்கவில்லை. காரணம் கேட்கப்படாத அதிகாரம் கெடுவதற்கு இடமுண்டு என்பதே இதிற் பெறப்படும் பாடம்.

இவ்விரு வாதங்களிலும் உண்மை உண்டு. அவை மோதுவதற்குக் காரணம், விதி என்னும் ஒரே சொல்லால் வெவ்வேறு இயல்புடைய மூன்றைக் குறிப்பதாகும். காவல் விதி, சமன்மை விதி, தகுதி விதி என அவற்றைப் பிரித்துக் கொள்வோம்.

காவல் விதியில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. பெரிய மாதிரி ஊர்தி ஒன்றின் நிறை ஏறத்தாழ 5 கிலோகிராம். அதன் சுழலி வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 1.6 மீற்றர். அது நிமிடத்துக்கு 2000 முறை சுழலும்போது தகட்டின் நுனி மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். 2013 செப்ரெம்பரில் நியூயோர்க் நகரத்துப் பூங்கா ஒன்றில், தாம் இயக்கிய ஊர்தியே தாக்கி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தரைக்கு ஓரடி மேலே தலைகீழாக விரையும் பறப்பு பார்ப்போரை மெய்சிலிர்க்க வைக்கும். ஆனால், பார்ப்போருக்கும் ஊர்திக்கும் இடையிலான கோடு எவருடைய படைப்புத்திறனுக்காகவும் அழிக்கப்படலாகாது. ஆபத்தின் அண்மைக்குப் புள்ளி தரும் நடுவர், அறியாமலே ஆபத்தை விலைக்கு வாங்குகின்றார்.

சமன்மை விதியும் அத்தகையதே. பறக்கும் நேரம், பறக்கும் வரிசை, காற்றும் வெயிலும் ஒருவருக்கே பாதகமாகாத ஏற்பாடு, எந்த அளவுக்கு இலத்திரனியற் கருவி துணை செய்யலாம் என்பன யாவர்க்கும் ஒன்றாதல் வேண்டும். முன்கூட்டியே நிரல்படுத்தப்பட்ட அசைவை ஒரு பொத்தான் செய்து முடிக்குமாயின், அங்கு பறந்தது மனிதனின் கையன்று. யாருடைய திறன் அளக்கப்படுகின்றது என்பதை முதலில் உறுதிசெய்யாமல் எவ்வளவு திறன் என்று வினவுதல் பொருளற்றது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைக் கூறும். அகலம் 7 கோல். நீளம் 8 கோல். உயரம் 1 கோல். ஒரு கோல் என்பது 24 பெருவிரல் அளவு. அவள் நூல் வழுவாது ஆடினாள் என்றே காதை சொல்கின்றது. ஆயினும், அரங்கை அளந்த கோலால் ஆடலையும் அளந்ததாக அது சொல்லவில்லை. காவல் விதியும் சமன்மை விதியும் அரங்கை அளக்கும் கோல்கள். அவை எத்துணை நுணுக்கமாயினும் கலைக்கு ஊறில்லை. மாறாக, அரங்கு உறுதியாயிருந்தால் ஆடுவோர்க்கு அச்சம் நீங்கும்.

எஞ்சுவது தகுதி விதி. மீற்றர் கோல் நீளத்தை அளப்பதுபோல நடுவரின் எண் அழகை அளப்பதில்லை. மாதிரி வானூர்திப் போட்டிகளில் ஒரு சுற்றில் முதல்வராக வந்தவரின் புள்ளியை 1000 ஆக்கி, ஏனையோரின் புள்ளிகளை அதற்கு விகிதமாக மாற்றும் வழக்கம் உண்டு. ஆகவே, ஒருவர் பெறும் எண் அவரது பறப்பின் அளவு மாத்திரமன்று. அன்று அவருடன் பறந்தவர்களின் அளவுமாகும். இவ்வெண் ஒரு தீர்ப்பின் சுருக்கம். தீர்ப்புக்கு வேண்டியது காரணம். துல்லியத்தைப் பற்றிய காரணத்தை முன்னரே எழுதிவைக்கலாம். கடினத்தைப் பற்றியும் பெரும்பாலும் எழுதலாம். படைப்புத்திறனைப் பற்றி எழுத முடியாது. எது புதியது என்பதை விதி முன்கூட்டியே சொல்லிவிட்டால், சொன்ன அக்கணமே அது பழையதாகிவிடும்.

எனவே, படைப்புத்திறனைப் பொறுத்தவரை விதி முடிவைக் கட்டுப்படுத்தாமல் முறையைக் கட்டுப்படுத்துவதே தக்கதாகும். நடுவர் எதனைப் புதிதாகக் கண்டார், முன்பு கண்டவற்றிலிருந்து அது எவ்வாறு வேறுபட்டது என்று இரண்டு வரியேனும் எழுதிப் பறப்பாளரிடம் தருதல் வேண்டும். அவ்வாறாயின் நடுவர்கள் தம்முள் வேறுபடுவரே எனலாம். வேறுபடட்டும். கருத்து வேறுபாடு வேறு, பக்கச்சார்பு வேறு. முன்னது காரணத்தை வெளியிடும். பின்னது காரணத்தை மறைக்கும். பக்கச்சார்புக்கு அஞ்சிக் கருத்து வேறுபாட்டையே ஒழிக்க முயன்றால், யாவரும் உடன்படக்கூடிய சுழற்சிகளின் எண்ணிக்கை ஒன்றே எஞ்சும். அப்போது நடுவர் தேவையில்லை. எண்ணும் பொறி போதும்.

விதியை வகுப்போர்க்கு இன்னொரு கடமையும் உண்டு. இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னுமாக வருதல் மொழியின் இயல்பு. இத்துறையிலும் அசைவு முன்னும் பட்டியல் பின்னுமாகவே வரல் வேண்டும். பட்டியல் காலத்துக்குக் காலம் திறக்கப்பட்டு, புதியன சேர இடமளிக்க வேண்டும். அதேவேளை, பறந்து முடித்தவருக்குப் பின்னர் எழுதிய விதியால் தீர்ப்புக் கூறுதல் அறமன்று. மாற்றம் வேண்டும், முன்னறிவிப்பும் வேண்டும்.

வென்றவர் காரணம் கேட்பதில்லை. பதக்கமே அவருக்குப் போதிய காரணமாகின்றது. தோற்றவருக்கே காரணம் வேண்டும். மாதக்கணக்கிற் பயின்று, ஒருசில நிமிடங்களில் அனைத்தையும் வானில் விரித்துக் காட்டிவிட்டு இறங்கும் ஒருவருக்கு, அவர் ஏன் ஐந்தாமவராக வந்தார் என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள் விதியை வகுத்தோரும் புள்ளியிட்டோருமாவர். அழகுக்கு ஓர் அளவு உண்டு என்ற நம்பிக்கையிலிருந்து நியமம் பிறக்குமாயின் அது கலையை நெருக்கும். தோற்றவருக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து பிறக்குமாயின் அது கலையைக் காக்கும். இவ்விரு பிறப்புகளுள் எது ஒரு விதியின் பிறப்பு என்று கண்டறிய வழி ஒன்றுண்டு. அவ்விதி எழுதப்பட்ட பின்னர், எவரும் முன்பு கண்டிராத அசைவு ஒன்றுடன் ஒருவர் களத்தில் இறங்கும்போது, அவரைக் கண்டு நடுவர் தம் பட்டியலைப் புரட்டுகின்றாரா, வானத்தை நோக்குகின்றாரா என்று பார்த்தல் போதும்.