விழும் வெயில்

பங்குனி மாதத்து முற்பகலில் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் நடந்தால் கண்ணுக்கு முதல் வேலை வெள்ளையைப் பிரித்துப் பார்ப்பதுதான். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகள் பலகைகளில் வரிசையாகக் காய்கின்றன. ஈரம் இருக்கும்வரை களிமண் சாம்பல் நிறம். காயக் காய வெளுக்கிறது. சூளையில் ஒருமுறை வெந்து வந்தால் அது வேறு வெள்ளை. கிளேஸ் பூசி மறுபடி வெந்ததும் அதற்கு ஒரு பளபளப்பு வந்துவிடுகிறது. பீங்கான் ஃபியூஸ் கட்டைகளின் வெள்ளையிலோ லேசாக மஞ்சள் தட்டும். இங்கே வேலை செய்கிறவர்கள் இதையெல்லாம் ஒரு பார்வையில் பிரித்துவிடுவார்கள். கொக்கைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவருக்கு இந்தத் தெருவைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

*

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு உலகத்தைப் பற்றி ஒரே நம்பிக்கைதான். எதிரே நிற்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல். விழுந்த ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பித் தருவது. எருமையும் அப்படித்தான், கொக்கும் அப்படித்தான். இந்த நம்பிக்கை பெரும்பாலான நேரங்களில் பலிப்பதால்தான் நாம் கேமராவை நம்பிப் பழகிவிட்டோம்.

ஊரை ஒட்டிய மணிமுத்தாற்றின் காய்ந்த மணலில் பெரிய கொக்கு ஒன்று நிற்கிறது. மணல் வெளிர், பறவை வெள்ளை. ஒளிமானி திகைத்து ஒளியைக் குறைக்கிறது. கொக்கு அழுக்கு வேட்டி நிறத்தில் வருகிறது. இதற்குத் திருத்தம் கூட்டல் பக்கம், ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியை இரட்டிப்பாக்குவது) அல்லது சற்று அதிகம். அதே கொக்கு நாலு அடி நடந்து கரையோரம் தேங்கிய கருநீரில் இறங்குகிறது. இப்போது படச் சட்டத்தில் பெரும்பகுதி இருட்டு. ஒளிமானி ஒளியைக் கூட்டுகிறது. இறகுகள் அத்தனையும் கரைந்து, கொக்கின் வடிவத்தில் ஒரு ஓட்டைதான் மிச்சம். இங்கே ஒரு ஸ்டாப்புக்கு மேல் கழிக்க வேண்டும். பறவை மாறவில்லை, வெயிலும் மாறவில்லை. திருத்தம் மட்டும் நேர் எதிர்.

வெள்ளைப் பறவை என்றால் கூட்டு, கரும்பறவை என்றால் கழி என்று புதியவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். பறவை சட்டத்தை நிறைத்து நிற்கும்போதுதான் அது சரி. காட்டுயிர் அப்படி நெருங்கி நிற்பது அபூர்வம்.

*

விலங்கிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளப்பதில்தான் இத்தனை குழப்பமும். அதன்மேல் விழும் ஒளியை அளந்தால் குழப்பம் போய்விடும். மேகமில்லாத வானம், காலை 9 மணிக்கு மேல், மாலை 4 மணிக்குள். இந்த நேரத்தில் கொக்கின்மேல் விழும் வெயில்தான் நீர்க்காகத்தின்மேலும் விழுகிறது, ஆற்றில் துணி துவைப்பவரின் முதுகிலும் விழுகிறது. சூரியன் ஆள் பார்த்து அளப்பதில்லை.

ஃபிலிம் காலத்தவர்கள் இதற்கு வைத்திருந்த கணக்கு எளிது. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐ.எஸ்.ஓ. எண்ணே ஷட்டர் வேகத்தின் கீழ் எண். ஐ.எஸ்.ஓ. 400 என்றால் 1/400 நொடி. பறவைக்கு வேகம் வேண்டும், ஆகவே எஃப் 8, 1/1600. கேமராவை மேனுவலில் வைத்து இந்த அளவைப் பூட்டிவிட்டால் கொக்கு மணலில் நின்றாலும் நீரில் நின்றாலும் ஒன்றுதான். பிறகு செய்ய வேண்டியது அந்த உயிரின் சொந்த நிறத்துக்கான சிறு சலுகை. கொக்கின் இறகு வரிகள் தெரிய 1/2500 அல்லது 1/3200. கரிச்சானின் கறுப்புக்குள் ஒளிந்திருக்கும் நீலம் தெரிய 1/800. மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், அதற்குச் சலுகை வேண்டாம். பறந்தால் சிறகு விரிந்து வெள்ளை கொட்டும். ஆகவே அது எழும்பும் முன்பே வேகத்தைக் கூட்டி வைத்திருக்க வேண்டும். திருத்தம் செய்ய அந்தப் பறவையை முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அடுத்து அது என்ன செய்யும் என்று தெரிந்தவருக்கே கேமராவின் திருகு சக்கரம் பயன்படும்.

வெயிலில் சந்தேகம் வந்தால் உள்ளங்கையைக் காட்டி அளக்கலாம். எவ்வளவு கருத்த உடம்பானாலும் உள்ளங்கை வெளிறியே இருக்கும். நடுத்தரச் சாம்பலைவிட அது ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிச்சம். அளந்ததற்கு மேல் ஒரு ஸ்டாப் கூட்டிக்கொண்டால் போதும்.

*

சுந்தரர் திருமுதுகுன்றத்தில், அதாவது இதே விருத்தாசலத்தில், பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை இந்த மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தலபுராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று ஊரே பேசும் வழக்கும் அதிலிருந்துதான். கேமராவில் அந்த அற்புதம் நடக்காது. சென்சாரில் ஒரு புள்ளி நிறைந்து வழிந்துவிட்டால் அங்கே இறகு இருந்தது என்பதற்குக் கணினியில் எந்தத் தடயமும் இராது. இருட்டில் போனதை ஓரளவு தேடி எடுக்கலாம், புள்ளி புள்ளியாக இரைச்சல் சேர்ந்து வந்தாலும்.

நிறைந்து வழியும் விளிம்புக்குச் சற்றுக் கீழேதான் மிகப் பெரிய செல்வமும் இருக்கிறது. 14 பிட் ரா கோப்பில் ஒளிக்கு 16,384 படிகள். உச்சத்து ஒரு ஸ்டாப்புக்கு மட்டும் அதில் பாதி, 8,192. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096. கீழே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். கொக்கின் தோகை நூல்களைத் தனித்தனியாக வாங்கிக்கொள்ள இடம் இருப்பது அந்த மேல்தட்டில்தான். பயந்து ரொம்பக் கழித்துவிட்டால் அந்த இடம் வீணாகிறது.

திரையில் கறுப்பாக மினுக்கும் எச்சரிக்கைப் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. கிளேஸ் போட்ட பொம்மையின் கன்னத்தில் சூரியனே ஒரு புள்ளியாக உட்கார்ந்திருக்கும். அதற்குள் பார்க்க எதுவும் கிடையாது. நீரில் தெறிக்கும் மினுக்கமும் அவ்வகை, அதை எரிய விடலாம். எரியக் கூடாதது கிளேஸ் ஏறாத வெள்ளை: கொக்கின் தோள், நத்தைகுத்தி நாரையின் முதுகு.

*

மா. கிருஷ்ணனை நினைக்காமல் இந்த விஷயத்தை எழுத முடியவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து, 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதினார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டித் தாமே அமைத்துக்கொண்ட கேமராவில் யானையையும் காட்டெருதையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பின்புறத் திரை இல்லாத காலம். காட்டிலேயே கணக்குப் போட்டு, வீடு திரும்பி ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் விடை தெரியும். இன்று அரை நொடியில் விடை வருகிறது. அந்த அரை நொடிக்காகத் தலையைக் குனியும்போது விலங்கை விட்டுக் கண் விலகுகிறது. முதலில் ஒரு படம் எடுத்து அளவைச் சரிபார்த்தபின் திரையை அணைத்துவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

*

நண்பகலில் எந்தத் திருத்தத்துக்கும் அடங்காத ஒன்று கானல். மணலுக்கு மேல் காற்று நெளியும்போது நீண்ட லென்சில் விலங்கின் விளிம்பு உருகித்தான் வரும். கிட்டே போக வேண்டும், இல்லையேல் எடுக்காமல் இருக்க வேண்டும்.

கூட்டுக்கு மட்டும் அந்த வேளையில் கிட்டே போகவே கூடாது. கொக்கும் நாரையும் உச்சி வெயிலில் சிறகை விரித்து, முதுகில் வெயிலை வாங்கி, குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்கும். தாயை எழுப்பிவிட்டால் இறகு முளைக்காத குஞ்சு சில நிமிடங்களிலேயே வாடத் தொடங்கும்.

*

நண்பகல் வெளிச்சம் படத்துக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். விலங்கின் உடம்பு வேறு சொல்கிறது. முதுகு அடர்த்தி, வயிறு வெளிர்: புள்ளிமான், முயல், பெண் வெளிமான் எல்லாம் இப்படித்தான். அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896இல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். மேலிருந்து விழும் வெயில் முதுகை வெளுக்க வைக்கும், வயிற்றில் நிழலைப் போடும். தோலின் நிறம் அதற்கு நேர் எதிராக அமைந்திருப்பதால் இரண்டும் சரிக்கட்டி, உருண்ட உடம்பு தட்டையாகிக் கண்ணுக்குத் தப்புகிறது என்றார். தேயர் பிற்பாடு இந்தக் கருத்தைத் தேவைக்கு மேல் இழுத்தார், ஆனால் இந்த அடிப்படை நிற்கிறது. நாம் சக்கரத்தைத் திருகிச் செய்வதை மான் தன் தோலிலேயே செய்து வைத்திருக்கிறது, அதுவும் உச்சி வெயிலுக்கென்றே.

விருத்தாசலத்திலிருந்து தெற்கே கடலோரம் போனால் கோடியக்கரை. 1967 முதல் சரணாலயம். அங்கே பெண் வெளிமான்களை நண்பகலில் எடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. வயிற்று நிழலை நிரப்ப ஃபிளாஷ் போடக் கூடாது. போட்டால் தோல் செய்த வேலை கெட்டு வயிறு துருத்திக்கொண்டு நிற்கும். பச்சைப் புல்லை அளந்தால் போதும், முதுகும் வயிறும் தாமே ஒரே அளவுக்குள் வந்துவிடும். முற்றிய கடா மட்டும் தனிக் கணக்கு. அதன் கறுப்பு ஒளிவதற்கல்ல, எல்லோரும் பார்ப்பதற்கு. கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் எரியாத அளவில் ஷட்டரை நிறுத்தி, முதுகுக் கறுப்பை ரா கோப்பிலிருந்து கொஞ்சமாக ஏற்றுகிறேன். ரோமம் தெரிந்ததும் நிறுத்திவிடுகிறேன். அதற்கு மேல் ஏற்றினால் கடா பழுப்பாகிவிடும்.