பெயர் சொல்லாத இரங்கல்

(ஸ்ரீ விஜயபுரத்தில், சைக்கிள் அன்பர் ஒருவரின் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

என்னை அழைக்க வந்த தம்பிகள், "ஐயா, சுருக்கமாப் பேசுங்க, எங்க ஆளுங்களுக்கு ஒரே இடத்துல உட்காரத் தெரியாது" என்றார்கள். சரி, சுருக்கமாகவே சொல்கிறேன்.

படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் அவருடைய வண்டியையும் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தச் செயினைப் பாருங்கள், ஒரு பொட்டுத் துரு இல்லை. பாதி வருஷம் மழையும் மீதி வருஷம் உப்புக் காற்றுமாக இருக்கிற ஊரில் அது லேசான காரியமா? சீட்டுக்கு அடியில் ஒரு பை. அதில் ஸ்பேனர், பஞ்சர் பசை, உப்புத்தாள், ஒரு ஃபிலிம் ரோல் டப்பா நிறைய துண்டு துண்டாக வெட்டிய வால்வு டியூப். இந்த வண்டிக்கு அந்த டியூப் ஆகாதாமே! வழியில் காற்று இறங்கி நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய வண்டிகளுக்காகச் சுமந்தாராம்.

இதுவரை நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. காரணமாகத்தான். நிக்கோபார் மக்களிடம் ஒரு பழைய வழக்கம் இருந்தது. இறந்தவர் பெயரை வாயால் உச்சரிக்க மாட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே அதிகாரியாக இருந்த டி ரோப்ஸ்டார்ஃப் என்ற டென்மார்க்காரர் இதை எழுதி வைத்திருக்கிறார். ஒருவருக்கு ஏதாவது பொருளின் பெயர் வைத்திருந்தால், அவர் போன பிறகு அந்தப் பொருளுக்கே வேறு பெயர் தேட வேண்டியதாகிவிடுமாம். போனவருக்காக ஒரு பாஷையே கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறது!

நம் முன்னோர் இதற்கு நேர் எதிர். பெயரைக் கல்லில் வெட்டி, மயிற்பீலி சூட்டி, நடுகல்லாக வணங்கினார்கள். கல்லைத் தேடிப் போவதில் தொடங்கி வாழ்த்துவது வரை தொல்காப்பியம் முறை வகுத்திருக்கிறது. ராஜாவுக்கு மட்டுமா கல்? திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். தலைவனோடு நின்று கள்ளரைக் கடித்த நாய். கூட நின்ற ஜீவனுக்கு மரியாதை உண்டென்றால், கூட உழைத்த வண்டிக்கு ஏன் இல்லை? அதனால் அந்த ஹேண்டில்பாரில் நீங்கள் பூச்சுற்றியதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

அமெரிக்காவில், 2003-இல், டல்லாஸ் பக்கம் ஒரு சைக்கிள்காரர் பள்ளிப் பேருந்தின் கண்ணாடி இடித்து இறந்துபோனார். நண்பர்கள் திரண்டு, மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், ஒரு வார்த்தை பேசாமல் ஊர்வலம் போனார்கள். அந்த மௌன ஊர்வலம் இன்று பல நாடுகளில் மே மாதம் மூன்றாவது புதன்கிழமை நடக்கிறது. அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில், சைக்கிள்காரர் அடிபட்ட இடத்தில் வெள்ளையடித்த சைக்கிள் ஒன்றை நிறுத்தி வைத்தார்கள். அவர்களுக்கு நம் நடுகல்லைப் பற்றி யார் சொன்னது? துக்கம் தானாகவே அங்கே போய்ச் சேர்கிறது.

மௌனத்துக்கு நம்மிடம் ஒரு குருவே இருக்கிறார். சனகாதி முனிவர் நால்வரும் எல்லாம் படித்தும் சந்தேகம் தீராமல் வந்தார்கள். தட்சிணாமூர்த்தி வாய் திறக்கவில்லை; சின்முத்திரை காட்டினார், தீர்ந்தது. அவர் பார்ப்பது தெற்கு. எமனின் திசை, தென்புலத்தாரின் திசை. அதைப் பார்த்துக்கொண்டுதான் புன்னகையோடு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் கார் நிக்கோபார், கச்சால், இந்திரா முனை. 2004 டிசம்பர் 26 அன்று அங்கே சுனாமி அலை கொண்டுபோனவர்களில் எத்தனையோ பேருக்குக் கல் நட உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த அலையில், 9 வயதில், மரத்தைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் உயிர் பிழைத்த நம் தீவுப் பெண் டெபோரா ஹெரால்டு, பிறகு இந்தியாவுக்காகப் பந்தயத்தில் சைக்கிள் மிதித்தாள். போனவர்களுக்காக மிதித்தாள் என்று நான் கதை கட்ட மாட்டேன். ஆனால் இந்தத் தீவுகளில் ஒரு பிள்ளை வேகமாகப் போவதைப் பார்க்கும்போது, கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை கார்பின் கோவ் வரை நீங்களும் பேசாமல் போகப் போகிறீர்களாம். நல்லது. என் முட்டி இடம் கொடுக்காது. பின்னால் ஆட்டோவில் வருகிறேன். டிரைவரிடம் பாட்டுப் போட வேண்டாம் என்று யாராவது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.